பள்ளிப் பேருந்து ரூட்டை முதலிலிருந்து போடுவது எப்படி: வடசென்னைப் பள்ளிகளுக்கான முழு வழிகாட்டி

பள்ளியில் டிரான்ஸ்போர்ட் பொறுப்பு புதிதாகக் கைக்கு வருகிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். பெரும்பாலும் பி.டி. ஆசிரியராக இருப்பார், இல்லையென்றால் அலுவலகத்தில் ஃபீஸ் வாங்குகிறவராக இருப்பார். அவர் கேட்கிற முதல் கேள்வி, "நம்மகிட்ட எத்தனை வண்டி இருக்கு?" வண்டியை வைத்து ரூட் போடுவார், ரூட்டை வைத்து ஸ்டாப் வைப்பார், கடைசியில் அந்த ஸ்டாப்புக்குப் பிள்ளைகளை நடந்து வரச் சொல்வார். வேலை அடியோடு தலைகீழாகிவிடும்.

சீட்டில் உட்கார்ந்து போகிற பிள்ளையை விட, படியில் கால் வைக்கிற பிள்ளைக்கும், இறங்கிப் பத்தடி நடக்கிற பிள்ளைக்கும்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. அதனால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் பட்டியல், ஸ்டாப், ரூட், நேரம், அதற்கப்புறம்தான் வண்டியும் ஆட்களும். இதே வரிசையில் எழுதியிருக்கிறேன். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால், ஜூலை மாதத்தில் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி போட வேண்டிவரும்.

## 1. ஏப்ரலிலேயே கையில் இருக்க வேண்டியவை

முதலில் 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகளின் நகல் ஒன்றை எடுத்து, ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். மே மாதத்தில் ஆர்.டி.ஓ., போலீஸ், கல்வித்துறை அதிகாரிகள் சேர்ந்து வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கப்போவது அந்த விதிகளைத்தான்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், புகைச் சான்று, வரி ரசீது எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஃபைல் அட்டையிலேயே ஒவ்வொன்றும் முடியும் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். இன்சூரன்ஸ் காலாவதியானது விபத்து நடந்த பிறகுதான் தெரிந்தது என்ற நிலை எந்தப் பள்ளிக்கும் வரக்கூடாது.

வாடகை வண்டியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பள்ளிக்குச் சொந்தமாக இருந்து, மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டுமே ஓடுவதைத்தான் மோட்டார் வாகனச் சட்டம் கல்வி நிறுவனப் பேருந்து என்கிறது. வெளியாள் வண்டி அந்தக் கணக்கில் வராது. அதற்குத் தனி பர்மிட் வேண்டும், 'ஆன் ஸ்கூல் டியூட்டி' என்று முன்னும் பின்னும் எழுதியிருக்க வேண்டும். சனி, ஞாயிறில் கல்யாண வீட்டுக்கு ஓடும் வேனைத் திங்கட்கிழமை பள்ளிக்கு ஓட்டுகிறவர்கள், பர்மிட் எதற்கு வாங்கியது என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

## 2. பிள்ளைகள் பட்டியல்

அட்மிஷன் ஃபாரத்தில் இருக்கும் முகவரியை நம்பாதீர்கள். ஆதாரில் இருக்கும் பழைய வீடாக இருக்கும், அல்லது பாட்டி வீடாக இருக்கும். தனியாக ஒரு தாள் கொடுத்து இவற்றைக் கேளுங்கள்: காலையில் எங்கே ஏறுவான், மாலையில் எங்கே இறங்குவான் (இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், அம்மா வேலைக்குப் போகிற வீடுகளில் பிள்ளை மாலையில் ஆச்சி வீட்டில் இறங்குவான்), யார் வந்து அழைத்துப் போவார்கள், இரண்டு போன் நம்பர், வலிப்பு அல்லது வீசிங் மாதிரி ஏதாவது உண்டா.

வகுப்பும் அவசியம். எல்.கே.ஜி.யிலிருந்து 5ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளையைக் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு அப்படியில்லை. ஒரு ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதே இதை வைத்துத்தான்.

## 3. ஸ்டாப் தேர்வு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் விதி, பிள்ளை ரோட்டைக் கடக்கக்கூடாது. பேருந்தின் கதவு இடதுபக்கம். வீடும் அதே இடதுபக்கம் இருக்கும்படி ஸ்டாப் அமைய வேண்டும். "ரோடு சின்னதுதான், அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்பார்கள். அம்மா எதிர்ப்பக்கம் நின்று கையை ஆட்டுவார், பிள்ளை அவரை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓடும். பேருந்தை ஓவர்டேக் செய்து வருகிற பைக்காரருக்குப் பேருந்தின் முன்னால் இருக்கும் பிள்ளை தெரியவே தெரியாது. அம்மாவைக் கதவுப் பக்கம் வந்து நிற்கச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு ஸ்டாப்பை மாற்றிக் கொடுங்கள்.

இரண்டாவது, தெருமுனையிலேயே நிறுத்தாதீர்கள். முனையில் நின்றால் திரும்புகிற வண்டிகளுக்கு வழி அடைபடும், அவை இடதுபக்கச் சந்தில் புகுந்து வரும், அதாவது கதவுப் பக்கம். முனையைத் தாண்டி, ஒரு வண்டி நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள். மாநகரப் பேருந்து நிறுத்தத்திலும் வேண்டாம். பின்னால் வருகிற பேருந்து ஒதுங்கப் பார்க்கும், அதற்குள் நிற்கிற கூட்டத்தில் உங்கள் பிள்ளை எது என்று ஆயாவுக்கே தெரியாது.

மூன்றாவது, கால் வைக்கிற தரை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கே பார்த்தாலும் மழைநீர் வடிகால் வேலை நடக்கும், மூடி சரிந்திருக்கும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நாளில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றால் எது ரோடு, எது கால்வாய் என்று தெரியாது. அதேபோல ஈ.பி. மின்பெட்டியும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும் இடத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். ஈரத்தில் மின்பெட்டியைத் தொட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

ஒவ்வொரு ஸ்டாப்பையும் இரண்டு வேளை போய்ப் பாருங்கள். காலை 7 மணிக்குக் கடைகள் மூடியிருக்கும், ரோடு அகலமாகத் தெரியும். மாலை 4 மணிக்கு அதே இடத்தில் டீக்கடை வாசலில் பைக் வரிசை நிற்கும், தள்ளுவண்டி நிற்கும், பேருந்து நடுரோட்டில்தான் நிறுத்த முடியும். காலையில் மட்டும் பார்த்து ஸ்டாப் முடிவு செய்வது புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு.

எத்தனை ஸ்டாப்? வாசலுக்கு வாசல் நின்றால் யாருக்கும் நேரம் மிஞ்சாது. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும் கொருக்குப்பேட்டை உள்தெருக்களிலும் பெரிய பேருந்து நுழைந்தால் திரும்ப முடியாது, ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே பாதுகாப்பான இடத்துக்கு வரச் சொல்லுங்கள். சிறு பிள்ளை பெரியவர் கையைப் பிடித்து மூன்று நிமிடம் நடக்கிற தூரம் சரி. ஆனால் அந்த மூன்று நிமிட நடையில் ஒரு பெரிய ரோடு குறுக்கே வந்தால் அந்த இடம் ஆகாது.

## 4. ரூட்

ஸ்டாப்களை வரைபடத்தில் குறித்த பிறகுதான் கோடு போட வேண்டும். கோடு போடும்போது மூன்றைத் தவிர்க்கப் பாருங்கள்: ரிவர்ஸ், யூ டர்ன், சிக்னல் இல்லாத இடத்தில் வலதுபக்கத் திருப்பம். ரிவர்ஸ் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிள்ளைகள் சுற்றி நிற்கிற இடத்தில் பின்னால் வருகிற வண்டியைப் போல ஆபத்தானது வேறில்லை.

அடுத்தது பலர் யோசிக்காத ஒன்று. காலையில் போன ரூட்டை மாலையில் அப்படியே திருப்பிப் போட்டால், காலையில் இடதுபக்கம் இருந்த வீடெல்லாம் மாலையில் வலதுபக்கம் போய்விடும். காலையில் பத்திரமாக ஏறிய பிள்ளை மாலையில் ரோட்டைக் கடக்க வேண்டிவரும். இதற்கு ரூட்டை வளையமாகப் போட வேண்டும். காலையில் ஏ, பி, சி, டி என்று ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தால், மாலையிலும் பள்ளியிலிருந்து நேராக ஏ ஸ்டாப்புக்குப் போய், பி, சி, டி என்று அதே திசையில் இறக்குங்கள். நிற்கிற பக்கம் மாறாது. காலையில் சீக்கிரம் ஏறி அதிக நேரம் உட்காருகிற பிள்ளை மாலையில் முதலில் வீடு போய்ச் சேரும். "எங்க பிள்ளைதான் எப்பவும் கடைசியா?" என்ற புகாரும் பாதியாகக் குறையும்.

வடசென்னைக்கென்று சில தனிக் கணக்குகள் உண்டு.

கன்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கச் சாலைகளிலும் வரிசை கட்டி நிற்கும். டிரெய்லர் டிரைவருக்குத் தன் இடதுபக்கத்தில் முன்னால் நிற்கிற பிள்ளையோ சைக்கிளோ கண்ணில் படாது. ஆகவே விரைவுச் சாலையில் ஸ்டாப்பே வைக்காதீர்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பிள்ளைகளைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் அல்லது உள்தெருவின் அகலமான இடத்துக்கு வரவழைத்து ஏற்றுங்கள். விரைவுச் சாலையில் வண்டி போகத்தான் வேண்டும் என்றால் நிற்காமல் போகட்டும்.

ரயில்வே கேட்டும் சுரங்கப்பாதையும். கும்மிடிப்பூண்டி லைனில் புறநகர் ரயிலும் கூட்ஸும் மாறி மாறி வரும், கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. மழை வந்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, திருவொற்றியூர் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை மாதிரியான இடங்களில் தண்ணீர் தேங்கும். இப்படி ஒரு கேட்டோ பாலமோ உங்கள் ரூட்டில் இருந்தால், அதற்கு மாற்று வழி எது என்பதைக் காகிதத்தில் எழுதி டிரைவரிடம் கொடுங்கள். சுரங்கப்பாதையின் உயரப் பலகையையும் உங்கள் வண்டி உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டைப் பற்றி இன்னொன்று. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில் மோதிப் பள்ளி வேனில் இருந்த 3 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே கேட் இருந்தது, கீப்பரும் இருந்தார். ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்த்து, முன்னால் நடந்து வண்டியைக் கடத்திவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் இருக்கிற கேட்டிலும், கேட் திறந்தே கிடந்தாலும், இதையே செய்யச் சொல்லுங்கள். சில நிமிடம் போகும், போகட்டும்.

திருவிழா நாட்களையும் மறக்காதீர்கள். மாசியில் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் உற்சவத்தின்போது தேரடிப் பக்கம் பேருந்து போகாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. அந்த நாட்களுக்கான தற்காலிக ஸ்டாப்பை ஒரு வாரம் முன்பே வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

## 5. நேரக் கணக்கு

நேரத்தைப் பள்ளி வாசலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். பள்ளி 8:30க்கு, வண்டி 8:15க்கு உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் 34, ஸ்டாப் 12, தூரம் 12 கிலோமீட்டர்.

வண்டி மெதுவாகி, நின்று, கிளம்ப ஒரு ஸ்டாப்புக்கு 1 நிமிடம் என்றால் 12 நிமிடம். ஒரு பிள்ளை ஏறி உட்கார அரை நிமிடம் என்றால் 17 நிமிடம். காலை நெரிசலில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தால் ஓட்டத்துக்கு 40 நிமிடம். கேட், லாரி, சிக்னல் என்று கையிருப்பாக 10 நிமிடம். மொத்தம் 79 நிமிடம். முதல் பிள்ளை 6:56க்கு ஏற வேண்டும்.

ஒரு எல்.கே.ஜி. பிள்ளை 79 நிமிடம் வண்டியில் உட்காருவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு மணி நேரம் தாண்டினால் ரூட்டை உடைக்க வேண்டும் என்பது என் கணக்கு. இதே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, 17 பிள்ளைகள், 6 ஸ்டாப், 8 கிலோமீட்டர் என்று போட்டுப் பாருங்கள், கையிருப்பையும் சேர்த்து ஏறக்குறைய 52 நிமிடத்தில் முடியும். முதல் பிள்ளை 7:23க்கு ஏறினால் போதும். ஒரு பெரிய பேருந்தா, இரண்டு சின்ன வேனா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கும். வண்டியை முதலில் வாங்கியவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

ஒரே வண்டிக்கு இரண்டு டிரிப் போடும்போது ஓர் எச்சரிக்கை. முதல் டிரிப் முடியும் நேரத்துக்கும் இரண்டாவது தொடங்கும் நேரத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் வைத்தால், முதல் டிரிப்பின் கடைசி ஸ்டாப்களில் டிரைவர் பறப்பார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வண்டியின் வேகத்தைத்தான் பிடித்து வைக்கும். பிள்ளை படியில் இருக்கும்போதே கிளட்சை விடுகிற அவசரத்தை அது தடுக்காது.

## 6. வண்டி

எத்தனை பிள்ளை, எந்தத் தெரு, எவ்வளவு நேரம் என்பது முடிவானதும் வண்டியைப் பொருத்துங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு சீட். மூன்று பேர் சீட்டில் நாலாவது பிள்ளையைச் செருகும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள், பிறகு நிறுத்தவே முடியாது.

மே மாத ஆய்வுக்கு முன்னால் நீங்களே ஒரு ஆய்வு செய்யுங்கள். தரையிலிருந்து தொடங்குங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு 2ஆம் வகுப்பு மாணவி ரோட்டில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு வந்தவைதான் மேலே சொன்ன சிறப்பு விதிகள். நம் பக்கம் உப்புக் காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெட்டவெளியில் ஒரு வருடம் நின்ற வண்டியின் தகரத்தை அது மெதுவாகத் தின்றிருக்கும். மேலே விரித்திருக்கும் ரப்பர் ஷீட் அதை மறைத்துவிடும். ஷீட்டை முழுக்கத் தூக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். சத்தம் மொத்தென்று மாறுகிற இடத்தில் உளுத்திருக்கும். வீல் ஆர்ச்சைச் சுற்றியும் ஃபுட்போர்டு மூலையிலும் கட்டாயம் பாருங்கள். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பாருங்கள்.

அவசரக் கதவைத் திறந்து பாருங்கள். நீங்கள் திறந்தால் போதாது, ஓர் 8ஆம் வகுப்புப் பிள்ளையைத் திறக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த தாழ்ப்பாள் பெரியவர் கைக்குத் திறந்துவிடும், பிள்ளை கைக்குத் திறக்காது. அந்தக் கதவை மறித்து ஸ்டெப்னியோ கூடுதல் சீட்டோ இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

தீயணைப்பான் முள் பச்சையில் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் மருந்துகளின் தேதி பாருங்கள். முன்னும் பின்னும் கேமரா, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு 2ஆம் வகுப்பு மாணவர் இறந்த பிறகு வந்த விதி இது. கேமரா பொருத்தியிருந்தால் மட்டும் போதாது, திரை எரிகிறதா, லென்ஸில் சேறு அப்பியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

## 7. டிரைவரும் ஆயாவும்

கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் 5 வருடத்துக்குக் குறைந்த டிரைவரிடம் பேச்சே வேண்டாம், 1997இலேயே உச்ச நீதிமன்றம் சொன்ன அடிமட்ட அளவு அது. வேகமாக ஓட்டியதற்கோ குடித்துவிட்டு ஓட்டியதற்கோ ஒரு வழக்கு இருந்தாலும் எடுக்கக்கூடாது என்பதும் அதே உத்தரவில் உண்டு. லைசென்ஸை வாங்கிப் பார்த்தால் மட்டும் போதாது, எண்ணைப் போட்டு அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். போலீஸ் சரிபார்ப்பு டிரைவருக்கு மட்டுமல்ல, ஆயாவுக்கும் மாற்று டிரைவருக்கும் வேண்டும். கண் பரிசோதனை வருடம் ஒருமுறை.

இன்டர்வியூவில் நான் கட்டாயம் கேட்கச் சொல்லும் கேள்வி, "அண்ணே, ராத்திரி வேற வண்டி ஏதாவது ஓட்டுறீங்களா?" என்பது. ராத்திரி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிவிட்டுக் காலை 6 மணிக்குப் பள்ளி வண்டியில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் போதாமல்தான் ஓட்டுகிறார்கள். பள்ளி நிர்வாகம் சம்பளத்தைச் சரி செய்யாமல் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆயா விஷயத்தில் பள்ளிகள் கஞ்சத்தனம் காட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பாத்திரம் கழுவுகிற வேலைக்கு எடுத்தவரை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். பெயர் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்த ரூட்டின் எல்லாப் பிள்ளைகளின் முகமும் பெயரும் தெரிந்தவர் வேண்டும். அடிக்கடி மாற்றக்கூடாது. "நான் அவன் மாமா, கூட்டிட்டுப் போறேன்" என்று, அழைத்துப் போகிறவருக்குப் பள்ளி கொடுக்கும் அட்டை இல்லாமல் ஸ்டாப்பில் வந்து நிற்கிறவரிடம், "அட்டை இல்லாம தர முடியாது, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்கிற தைரியமும் வேண்டும். அப்படிச் சொன்னதற்காகப் புகார் வந்தால் நிர்வாகம் ஆயா பக்கம்தான் நிற்கும் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

## 8. ஒத்திகை

பள்ளி திறப்பதற்கு முன் டிரைவர், ஆயா, நீங்கள் மூவரும் காலி வண்டியில் முழு ரூட்டும் போங்கள். வாரநாளில், அதே நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "முப்பது நிமிஷத்துல வந்துட்டோம்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. மே மாத வாரநாளும் ஏமாற்றும், மற்ற பள்ளி வண்டிகள் எதுவும் ரோட்டில் இருக்காது. வந்த நேரத்தோடு கால் பங்கு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் முதல் வாரம் முடிந்ததும் திருத்துங்கள்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டி நிற்கும் இடத்தை ஒரு கம்பம், ஒரு கடைப் பலகை என்று அடையாளம் வைத்து எழுதுங்கள். மாற்று டிரைவர் வரும் நாளில் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

## 9. ஏற்றுவதும் இறக்குவதும்

தினமும் ஒரே வரிசை, ஒருநாளும் மாறக்கூடாது.

வண்டி நிற்கிறது. டிரைவர் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுக்கிறார். அதன்பிறகுதான் கதவு திறக்கிறது. ஆயா முதலில் இறங்குகிறார், பின்னால் இடதுபக்கச் சந்தில் பைக் வருகிறதா என்று பார்க்கிறார், பிறகு பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். அட்டையைப் பார்த்து ஒப்படைக்கிறார். பிள்ளையும் அழைத்துப் போக வந்தவரும் வண்டியை விட்டு விலகிச் சுவர் பக்கம் போகிற வரை ஆயா கீழேயே நிற்கிறார். ஏறிக் கதவைச் சாத்திவிட்டு "ரைட்" என்கிறார். அந்தச் சொல் வராமல் வண்டி நகரக்கூடாது. பிள்ளைகள் விளையாட்டுக்கு "ரைட் ரைட்" என்று கத்துவார்கள், டிரைவர் ஆயாவின் குரலுக்கு மட்டுமே நகர வேண்டும்.

சுவர் பக்கம் போகும்வரை நிற்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையின் வாட்டர் பாட்டில் உருண்டு வண்டிக்கு அடியில் போகும், அதை எடுக்கக் குனியும். முன் பம்பருக்குக் கீழே குனிந்த யு.கே.ஜி. பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. "எது கீழே விழுந்தாலும் எடுக்காதே, ஆயாவைக் கூப்பிடு" என்று முதல் வாரம் முழுக்க வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள்.

அழைத்துப் போக யாரும் வரவில்லையா? பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு வரக்கூடாது, பெரிய வகுப்பு அக்காவுடன் அனுப்பக்கூடாது. பிள்ளை வண்டியிலேயே இருக்கட்டும். ஆயா பள்ளிக்கு போன் செய்ய வேண்டும், பள்ளி வீட்டுக்கு போன் செய்ய வேண்டும், வண்டி ரூட்டை முடித்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பள்ளி வளாகத்துக்குள் வண்டி வரும்போதும் போகும்போதும் பிள்ளை நடமாட்டம் இருக்கக்கூடாது. வண்டிகள் எல்லாம் நின்று இன்ஜின் அணைந்த பிறகு இறக்குங்கள். மாலையில் கடைசிப் பிள்ளை உட்கார்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே வண்டிகளை வெளியே போகும் பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டால் ரிவர்ஸ் தேவைப்படாது.

## 10. காலி வண்டியைப் பார்ப்பது

டிரிப் முடிந்ததும் ஆயா கடைசி சீட் வரை நடந்து போக வேண்டும். நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. தூங்குகிற பிள்ளை சீட்டுக்கு நடுவில் சரிந்து கிடக்கும், ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே பார்க்க வேண்டும். 'வண்டி காலி' என்று எழுதிய பலகை ஒன்றைக் கடைசி ஜன்னலில் மாட்டச் சொல்லுங்கள். அதை மாட்டக் கடைசி வரை போயே ஆக வேண்டும், வெளியே நிற்கிற வாட்ச்மேனும் பார்க்க முடியும். பூட்டிய வண்டிக்குள் ஜூன் மாத வெயில் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதைப் புரியவைக்க, ஆயாவையும் டிரைவரையும் மதியம் பூட்டிய வண்டிக்குள் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

## 11. மழையும் வாயுக் கசிவும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுமுறை அறிவிப்பு காலையில்தான் வரும், சில நாள் முதல் ஸ்டாப்பில் பிள்ளை ஏறிய பிறகு வரும். பள்ளி சென்னை மாவட்டத்தில் இருக்கும், பிள்ளைகள் மீஞ்சூர், அத்திப்பட்டு என்று திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து வருவார்கள். அங்கே விடுமுறை, இங்கே பள்ளி என்ற குழப்பம் வரும். முன்கூட்டியே ஒரு விதி வையுங்கள்: ரூட் போகிற எந்த மாவட்டத்தில் விடுமுறை அறிவித்தாலும் அந்தப் பகுதிக்கு வண்டி போகாது, வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் கிடையாது. அறிவிப்பு வருவதற்கு முன் ஏறிய பிள்ளையை அதே ஸ்டாப்பில், வீட்டில் ஆள் இருப்பதை போனில் உறுதி செய்த பிறகே இறக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் வண்டி இறங்கக்கூடாது. முன்னால் போன லாரி கடந்துவிட்டது என்பது காரணம் ஆகாது. லாரியின் உயரம் வேறு, வேனின் உயரம் வேறு.

மணலி, எண்ணூர் ரூட்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்க மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். பள்ளி நேரத்தில் அப்படி நடந்தால் என்ன செய்வது என்று டிரைவருக்கும் ஆயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வண்டியை அங்கே நிறுத்தக்கூடாது, பிள்ளைகளை இறக்கக்கூடாது. ஜன்னல்களைச் சாத்துங்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக, நெடியை விட்டு விலகிப் போங்கள். கர்ச்சீஃபைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் பிடிக்கச் சொல்லுங்கள். கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வண்டியில் எப்போதும் ஒரு கேன் குடிதண்ணீர் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். வீசிங் உள்ள பிள்ளைகளின் பெயர் ஆயாவின் பட்டியலில் சிவப்பு மையில் இருக்கட்டும்.

விபத்து என்றால் 108, போலீசுக்கு 112. வண்டிக்குள் புகையோ தீயோ இருந்தாலோ, பின்னால் வருகிற வண்டி மோதும் நிலை இருந்தாலோ மட்டும் பிள்ளைகளை இறக்குங்கள், இல்லையென்றால் உள்ளேயே இருக்கட்டும். இறக்கினால் ரோட்டிலிருந்து விலகி, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, எண்ணிக்கை பார்த்து நிறுத்துங்கள். டிரைவர் ஓடிவிடக்கூடாது, காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது சட்டப்படி அவர் கடமை.

## 12. பெற்றோருடன் பேசுவது

ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் பள்ளி மட்டும் செய்தி போடலாம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பேசுகிற குரூப்பில் "வண்டி எங்கே?" என்ற நாற்பது செய்திக்கு நடுவில் "இன்று ஸ்டாப் மாற்றம்" என்ற ஒரு செய்தி காணாமல் போகும். ஜி.பி.எஸ். லிங்க்கை அந்த ரூட் பெற்றோருக்கு மட்டும் கொடுங்கள்.

டிரைவர் நம்பரைப் பெற்றோருக்குக் கொடுக்காதீர்கள். ஓட்டும்போது போன் எடுக்கத்தான் செய்வார். ஆயாவிடம் பள்ளி போன் ஒன்று கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால், பெற்றோர் கேட்பதற்கு முன் பள்ளியிலிருந்து செய்தி போக வேண்டும். செய்தி வராமல் வெயிலில் நிற்கிற அப்பாதான் மறுநாள் பிள்ளையைப் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருவார்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு ரூட்டிலும் முன்னறிவிப்பில்லாமல் நீங்களே ஏறிப் போங்கள். முன் சீட்டில் உட்காராதீர்கள். கடைசி சீட்டில் உட்கார்ந்தால்தான் எந்த ஜன்னல் கம்பி ஆடுகிறது, எந்தப் பிள்ளை ஏறியதுமே தூங்கிவிடுகிறது, ஆயா எந்த ஸ்டாப்பில் இறங்காமல் படியிலிருந்தே பிள்ளையை விடுகிறார் என்பதெல்லாம் தெரியும். பார்த்ததை அன்றே எழுதி, அந்த வாரத்துக்குள் சரி செய்யுங்கள்.